வேலப்பனுக்குக் குரல் கொடுத்த நாச்சிமுத்து அண்ணன்

நாச்சிமுத்து அண்ணன் காலமான செய்தி எங்கள் குடும்பத்தில் முதலில் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. அது அந்தச் செய்திக்கு நேர்ந்த கெட்ட காலம். பாலக்காட்டு ஆசுபத்திரியிலிருந்து மளிகைக் கடைக்குப் போன் வந்தபோது நான் அங்கே பொட்டுக்கடலைக்காக நின்றிருந்தேன். கடைக்காரர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கந்தா, ஓடிப்போய் ஊட்டுல சொல்லு. உங்க பெரியப்பா மவன் போய்ட்டானாம்" என்றார்.

ஓடினேன். சொன்னேன். என் அம்மா விளக்குமாற்றை எடுத்தார்.

"எதுல வெளையாடறதுன்னு ஒரு இது இல்லியாடா உனக்கு?"

குற்றம் அம்மாவுடையது அல்ல. தலைமையாசிரியருக்கு மாரடைப்பு என்று சொல்லி ஒரு பள்ளிக்கூடத்துக்கே அரைநாள் விடுமுறை வாங்கிக் கொடுத்த பெருமை எனக்கு உண்டு. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து சொன்ன பிறகுதான் வீட்டில் அழுகை எழுந்தது. அண்ணனுக்காக முதலில் அழ வேண்டியவன், நம்பப்படுவதற்காக வாசலில் காத்து நின்றேன்.

நமது வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன ஆசிரியர், "கோமாளித்தனம் இல்லாம எழுது" என்றார். முயல்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்தார். சின்னான் வீட்டில் தண்ணீர் குடித்ததால் அது வந்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். பொய்யைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அண்ணனை அறியாதவர்களுக்காக: அவர் என் பெரியப்பாவின் ஒரே மகன். பாலக்காட்டில் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருந்தார். முப்பது வயது ஆகவில்லை. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, பெரியப்பா செருமினால் எழுந்து நிற்கும் பழக்கம். காத்திருக்கும் காலத்தில் பெரியப்பா அவருக்கு இன்னொரு காத்திருப்பைக் கொடுத்திருந்தார். தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் போட்டாகிவிட்டது. ஆனால் கரண்டு எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. வந்தவுடன் சுவிட்சைப் போட ஓர் ஆள் மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மோட்டார் ஓடியதைவிட ஓய்ந்து கிடந்ததே அதிகம் என்பதால், அந்தச் சின்ன ஓட்டு அறையில் ஒரு பெரிய உலகத்தையே கட்ட அவருக்கு நேரம் கிடைத்தது.

அதன் பெயர் ஏழுமலை ஆட்டம். அவரே உண்டாக்கியது. பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த மலைகள், அவ்வளவுதான் தளவாடம். மழை பொய்த்த ஒரு நாட்டுக்காக ஏழாவது மலையிலிருந்து மழைக்கல்லைக் கொண்டுவர வேண்டும். ஆடுகிறவர்கள் மூன்று பேர். நான் மாயக்கள்ளன். அண்ணனின் தங்கை சரசு மந்திரக்காரி. எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் ராமனின் மகன் சின்னான் படைத்தலைவன். அவன் என் வயதுக்காரன். வாய்க்கால் திருப்பிவிட வருவான். கரண்டு இல்லாவிட்டால் அவனும் காத்திருக்க வேண்டியவன்தான். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வோம், கட்டையை உருட்டுவோம், அண்ணன் என்ன நடந்தது என்று சொல்வார்.

ஆட்டத்துக்குள் இருக்கும்வரை அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார். வேடத்துக்கு உரிய மரியாதையைத் தர வேண்டும். ஆகவே பெரியப்பாவைக் கண்டால் "பண்ணாடிங்க" என்று தலைகுனியும் சின்னானை, அண்ணன் கைகட்டி நின்று கேட்பார்: "சொல்லுங்க தலைவரே, எந்தப் பக்கம் போலாமுங்க?"

முதல் நாள் சின்னான் திரும்பிப் பார்த்தான், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

மலை ஏறுவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் கூட வந்த துணையாட்களால்தான். மூன்று பேர். மூவருக்கும் அண்ணனே குரல். ஒருவர் பூசாரி, பல்லி சொன்னால் ஓர் அடி நகரமாட்டார். (நான் வாயாலேயே பல்லிபோலச் சத்தம் எழுப்பி ஒரு முழு மாலை படையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.) இரண்டாமவன் கரடியான், குகையில் வாழ்கிற இனம், உடம்பெல்லாம் மயிர், வழி தெரிந்தவன். மூன்றாமவன் வேலப்பன், வாள்வீரன், அழகன், புலியோடு மோதுவான், கரடியானுக்கு மட்டும் பயப்படுவான். குகைக்காரர்கள் தூங்குகிறவர்களின் மூச்சைத் திருடுவார்கள் என்று அவனுக்குச் சின்ன வயதில் யாரோ சொல்லியிருந்தார்களாம். கரடியான் காவல் இருந்தால் வேலப்பன் தூங்கமாட்டான். தூங்காதவன் மறுநாள் சண்டையில் தோற்பான். அவன் தோற்றதற்கு நாங்கள் அடிபடுவோம். இரண்டாவது மலையிலேயே எங்களுக்கு வெறுத்துப் போய்விட்டது.

"இவனத் தொலைச்சுப் போடலாமுங்க அண்ணா. புண்ணாக்கு!" என்றேன் நான்.

"தலைவருதான் சொல்லோணும்" என்றார் அண்ணன்.

சின்னான் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அவன உட்டுட்டா வாளு யாரு புடிப்பா? பயந்துட்டே வரட்டும். ஆனா கூட வரட்டும்."

சரசு நல்ல தாயம் போட்டாள், மந்திரம் போட்டாள். வேலப்பன் மாறவில்லை. "பயத்துக்குக் கட்டை கிடையாது அம்முணி" என்று அண்ணன் மந்திரத்தைத் தள்ளிவிட்டார். நான் என் வழியில் முயன்றேன். மூன்றாவது மலையில் தண்ணீர் தீர்ந்தபோது, கரடியானின் சுரைக்குடுவையில் இருந்ததை வேறு குடுவையில் ஊற்றி வேலப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். கள்ளன் அல்லவா! குடித்தான், தெம்பானான். அடுத்த ஆட்டத்தில் அது யாருடைய தண்ணீர் என்று அவனுக்குத் தெரிந்தது. இருந்த நம்பிக்கையும் போய், எங்கள் கையால் எதையும் வாங்கமாட்டேன் என்று தனியாக நடந்தான்.

"உயிரக் காப்பாத்துனனுங்க! இது என்ன நியாயம்?" என்று கட்டையை எறிந்தேன்.

"குடிச்சது அவன் வாயிதான், குடுத்தது உன் கையிதான். அவங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றார் அண்ணன்.

இன்னொரு நாள் கரடியான் தண்ணீர் குடிக்க மறுத்தான். மழை வந்தால்தான் குடிப்பானாம். சரசு கேட்டாள்: "பக்கத்துலயே சுனை இருக்குதில்லைங்க அண்ணா?"

சின்னான்தான் சொன்னான்.

"சுனை மேட்டுல வேலப்பன் உக்காந்திருக்கானுங்க."

மோட்டார் ரூமில் ஒரு மண்பானை உண்டு, மேலே கவிழ்த்த பித்தளைச் சொம்பு. அண்ணனும் சரசுவும் நானும் அதில் மொண்டு குடிப்போம். சின்னான் குடிப்பது வெளியே வாய்க்காலில், மோட்டார் ஓடினால். இது எழுதி ஒட்டிய சட்டம் அல்ல. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆட்டம் நீள வேண்டும் என்பதற்காக நாங்கள் கரண்டு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த மத்தியானங்களில், தாகத்தோடு கரண்டை எதிர்பார்த்துத் தலைவராக உட்கார்ந்திருந்தவன் அவன். அண்ணன் அதைக் கண்டு, கரடியானாக்கி, எங்கள் முன்னால் வைத்துவிட்டார். ஆனால் பானை இருந்த இடத்திலேயே இருந்தது. இதுதான் அவரிடம் எனக்கு ஆற்றாமை. ஆட்டத்தில் அத்தனையும் தெரிந்தவருக்கு, எட்டிச் சொம்பை எடுக்கக் கை வரவில்லை.

ஒரே ஒரு முறை வந்தது. எடுத்து நீட்டினார். சின்னான் சுவரோடு ஒண்டிக்கொண்டான்.

"வேண்டாமுங்க. நீங்க குடுத்துருவீங்க. பண்ணாடி பாத்தா எங்கப்பனுக்கல்லங்க வேலை போவும்?"

சொம்பு திரும்பப் பானைமேல் கவிழ்ந்தது.

நான்காவது மலைக்கு அப்பால் ஆறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். கரடியானுக்கு அடுத்த ஆளாகக் கயிறு பிடிக்க வேலப்பன் மாட்டேன் என்கிறான். "உத்தரவு போடுங்க தலைவரே! உங்க சொல்லுக்குத்தானுங்க நாங்க நிக்கறோம்" என்று அண்ணன் குரல் உயர்த்திக் கும்பிட்டு நின்றபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. பெரியப்பா.

"யார்றா தலைவரு?"

அண்ணனின் கும்பிட்ட கைகள் அப்படியே இருந்தன. கண்ணாடிக்குள் கண்கள் மட்டும் அலைந்தன. பிறகு ஒரு கை பிரிந்து என்னைக் காட்டியது.

"கந்தனுங்க அப்பா. சும்மா, வெளையாட்டு." சின்னானின் பக்கம் திரும்பி, "டேய் சின்னா, இங்க என்னடா வேலை? போய் மடையப் பாரு" என்றார்.

கரண்டே இல்லை. மடையில் பார்க்க என்ன இருக்கிறது? சின்னான் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். நான் அண்ணனோடு சண்டை போட்டேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசியதை அஞ்சலியில் எழுதக்கூடாதாம், எழுதுகிறேன். "வேலப்பனக் கயிறு புடிக்க வெக்க எங்களப் போட்டு இந்தப் பாடு படுத்துனீங்க. உங்களுக்கு ஒரு வார்த்தை வரலீங்களே!"

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலப்பனுக்கு நான் எங்கிருந்துடா ஆளப் புடிச்சேன்? நிலைக்கண்ணாடியப் பாத்துத்தான்" என்றார்.

சில நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், நானும் இலையில் உட்கார்ந்திருக்க, அவர் சொன்னார்: "அப்பா, அன்னிக்குத் தலைவருன்னு நான் சொன்னது சின்னானத்தானுங்க."

கூரை இடியும் என்று நான் இலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன். பெரியப்பா சோற்றைப் பிசைந்தார். "மோரு ஊத்து" என்றார், பெரியம்மாவிடம். அவ்வளவுதான். இத்தனை வருஷம் பயந்தது இந்த மோருக்கா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலையில் சிரிப்பு அடங்கியது. ராமனை அழைத்து, "உம்மவன் இனிமே மோட்டார் ரூம் பக்கம் வர வேண்டாம். வந்தா நீயும் வர வேண்டாம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அண்ணன் பேசியதற்கு விலை கொடுத்தவன் சின்னான். சுவரோடு ஒண்டியவன் சரியாகத்தான் ஒண்டியிருந்தான்.

அன்று பிற்பகல் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு சின்னான் வீட்டுக்குப் போனார். தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேறி வழியாகப் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. வாசல் கட்டிலில் உட்கார்ந்து, "ஆத்தா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றார். சின்னானின் அம்மா டம்ளரைப் புளி போட்டு விளக்கினார், விளக்கினார், விளக்கிக்கொண்டே இருந்தார். அண்ணன் உதடு வைத்துக் குடித்தார். மேலும் ஒரு டம்ளர் கேட்டார்.

சின்னான் கதவோரம் நின்றிருந்தான். "குடிச்சிட்டீங்க, சரிங்க. நாளைக்கு ஊரு கேட்டா எங்களையல்லங்க கேக்கும்?" என்றான்.

அந்தத் தண்ணீர் எங்கே மொண்டது தெரியுமா? எங்கள் மோட்டார் இறைத்த வாய்க்காலில். எங்கள் கிணறு. அதே கிணற்றுத் தண்ணீர்தான் எங்கள் பானையிலும் இருந்தது. இதை நான் ஊரில் ஆள் ஆளாகச் சொல்லிவிட்டேன். "கந்தன் சொல்றான்" என்று சிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். அதற்கு முந்தின மாதம் ஒறம்பரையில், சொந்தக்காரர் வீட்டில், ஒரு கல்யாணம். அண்ணனும் பெரியப்பாவும் போயிருந்தார்கள். வெயிலுக்குக் கலர் சர்பத்து, அண்டா அண்டாவாக. அங்கே போய் வந்தவர்களில் என் மாமா ஒருவர், பொள்ளாச்சி அத்தை வீட்டுக்காரர் ஒருவர், இருவருக்கும் கண் மஞ்சளாகிக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்தக் குடிசையில் போய்க் குடித்தார்கள்? கேட்டால், "அது சூட்டு ஒடம்பு" என்றார்கள். கல்யாணச் சர்பத்தில் குடித்தால் சூடு. சின்னான் வீட்டில் குடித்தால் நோய்.

அந்த வாரமே அண்ணனுக்கும் கண் மஞ்சளாயிற்று; அவருக்கு மட்டும் அது முற்றிவிட்டது. பச்சிலை கேட்கவில்லை, பாலக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலைச் சுற்றி எந்நேரமும் சொந்தக்காரர்கள். ஒரு நாள் மத்தியானம் சின்னான் பஸ் ஏறி வந்துவிட்டான். வார்டு வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே பெரியப்பா, மாமாக்கள், அத்தைகள். யாரும் வா என்று சொல்லவில்லை. அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் மஞ்சள். குரல் வற்றியிருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"வாங்க தலைவரே. உள்ள வாங்க."

யாரோ ஒரு மாமா, "பெனாத்தறான்" என்றார். பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னான் உள்ளே வந்து கட்டிலோரம் நின்றான்.

"வேலப்பன் கயித்தப் புடிச்சிட்டானுங்க" என்றார் அண்ணன்.

"புடிச்சாப் பத்தாதுங்க. கடக்கோணும்" என்றான் சின்னான்.

அண்ணன் சிரித்தார். நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு அது. நான்கு நாளில் அந்தப் போன் வந்தது.

கருமாதியன்று பந்தலில் பேச்சு முற்றியது. ராமன் குடும்பத்தைத் தோட்டத்தை விட்டுக் கிளப்ப வேண்டும் என்று மாமாக்கள் பெரியப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "பையனக் கொன்னு போட்ட தண்ணிங்க மாமா அது. இன்னும் வெச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா நாளைக்கு யாரு?" என்றார் ஒருவர். ராமனும் சின்னானும் பந்தலுக்கு வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் அவர்கள் காதில் விழும் தூரம். நான் எழுந்து சர்பத்துக் கதையைத் தொடங்கினேன். "உக்கார்றா, எழவு ஊட்டுல தமாசு" என்று அமுக்கினார்கள். உண்மையைச் சொல்ல ஒரு வாய் கிடைத்தும் அது என் வாயாகப் போயிற்றே என்று அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அப்போது சரசு, மோர்ச் செம்போடு வந்தவள், பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நின்றுவிட்டாள்.

"அப்பா, உங்க கண்ணும் மஞ்சளா இருக்குதுங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இருந்தது. பெரியப்பா யாரையும் திட்டவில்லை. மெல்ல எழுந்தார். இரண்டு விரலால் இரண்டு கண்ணின் கீழ் இமையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மாமாக்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க. நான் எந்தக் குடிசையில போய்க் குடிச்சனுங்க?"

பெரியப்பா இமையிலிருந்து விரலை எடுத்தார். "ராமன் நாளைக்கு வேலைக்கு வருவான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ராமனைப் பந்தலுக்குள் கூப்பிடவும் இல்லை, சின்னானைப் பற்றிப் பேசவும் இல்லை. மகன் போன பிறகு ஒரு வாக்கியம். அதற்கும் அவருடைய கண்ணே மஞ்சளாக வேண்டியிருந்தது. நன்றி சொல்லவா, நொந்துகொள்ளவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் அண்ணா, அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்காமல் போனீர்களே! சாப்பாடு முடிந்தது. தாம்பூலம் எடுக்க ஆள் இல்லை. எங்கே என்று தேடினால், உங்கள் அறை நிலைக்கண்ணாடி முன்னால் வரிசை. கல்யாணத்துக்குப் போய் வந்த அத்தனை மாமாக்களும் அத்தைகளும், ஒருவர் பின் ஒருவராக வந்து, இமையை இழுத்து, கண்ணைப் பிதுக்கி, நாக்கை நீட்டி, தங்களையே உற்றுப் பார்த்துவிட்டு விலகினார்கள். நான் சின்னானைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வெளி ஜன்னல் வழியாகக் காட்டினேன். அவன் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது, சிரிக்கத்தான் செய்தான். கண்ணிலிருந்து தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள் அண்ணா. உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லிக்கொள்ளவும் தோன்றவில்லை.